கர்ப்பிணிகளுக்குப் போனில் தகவல் சொல்ல நினைக்கிறோம். நம்பரோ கணவர் கையில். என்ன செய்யலாம்?

மலையோரம் (கேள்வி):
வணக்கம். ஜவ்வாது மலையில் எங்கள் மகளிர் குழு, கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு முறை போனில் தகவல் சொல்லலாம் என்று இருக்கிறது. சத்து மாத்திரை, செக்கப் தேதி, ஆபத்து அறிகுறிகள், இவ்வளவுதான். ஆனால் பெண்கள் கொடுக்கும் நம்பர் பெரும்பாலும் கணவருடையது. அவரோ கேரளாவில் கூலி வேலையில் இருப்பார். தலைச்சன் பிள்ளை சுமக்கும் ஒரு பெண்ணுக்கு "நாளை ஸ்கேன்" என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். அவள் வீட்டுக்காரர் அதைப் பார்த்து மாமியார் போனுக்குப் பேசுவதற்குள் ஸ்கேன் நாளே முடிந்துவிட்டது. பலருக்குப் படிக்கவும் வராது. வாட்ஸ்ஆப், எஸ்.எம்.எஸ்., குரல் அழைப்பு, இதில் எது சரிவரும்?

பழைய நர்ஸம்மா:
தருமபுரி பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல் வேலையாக, ஒரு பெண்ணுக்கு மூன்று நம்பர் வாங்குங்கள்: அவளுடையது அல்லது கணவருடையது, மாமியார் வீட்டில் பகலில் இருக்கும் போன், அம்மா வீட்டு நம்பர். ஏழாம் மாதத்துக்கு மேல் பலர் தாய்வீடு போய்விடுவார்கள். அப்போது அம்மா வீட்டு நம்பர்தான் கைகொடுக்கும்.

என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள்" என்றால் யாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடுவார்கள். கேட்டால் "தீர்ந்துபோச்சு நர்ஸம்மா" என்பார்கள். "கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், டீயோடு சேர்த்து மட்டும் போடாதே" என்று சொல்லிப் பாருங்கள், அட்டை காலியாகும். பிக்மி எண்ணையும் விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் தரும் 12 இலக்க எண் அது, பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். 12 வாரத்துக்குள் பதிந்தால் கர்ப்பிணிகளுக்கு அரசு உதவித்தொகை தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணமும் ஒழுங்காக வரும். பதிவுக்கு 102-ஐ அழைத்தாலும் போதும்.

தாராவி வாசி:
குரல் அழைப்புதான், சந்தேகமே வேண்டாம். மும்பையில் அர்மான் தொண்டு நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு நடத்தும் எம்மித்ரா சேவை அப்படித்தான் நடக்கிறது. எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொண்டு, அவளுடைய மாதத்துக்கு ஏற்ற செய்தியை அனுப்புகிறார்கள். மத்திய அரசின் கில்காரி சேவையும் பதிவு செய்த குரல்தான்: நான்காம் மாதம் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 அழைப்புகள். உங்கள் ஊரில் கணவர் இரவு வீட்டுக்குப் பேசும் நேரம் எது என்று கேட்டுவிட்டு, அதற்கு முன்னால் அவருக்கும் ஒரு அழைப்பு போகும்படி வையுங்கள். வாரத்துச் செய்தியை அவர் வாயாலும் கேட்டால் மாமியாரும் மறுக்க மாட்டார்.

பொது சுகாதார மாணவன்:
ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் 2009-10இல் 24 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். போன் உதவி கிடைத்த பகுதிகளில் நான்கு முறையாவது செக்கப் போன பெண்கள் 44 சதவீதம், மற்ற பகுதிகளில் 31. எஸ்.எம்.எஸ்ஸோடு நிறுத்தவில்லை, சுகாதாரப் பணியாளரைக் கூப்பிட்டுப் பேச அந்தப் பெண்களுக்கு போன் கட்டண வவுச்சரும் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்குப் போனில் செய்தி அனுப்ப 2014இல் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டத்திலும் பெண்கள் திருப்பிக் கேள்வி கேட்க உதவி மையம் உண்டு.

மலையோரம்:
நன்றி, நர்ஸம்மா. எங்கள் ஊரில் சிக்னல் பாறை மேல் ஏறினால்தான் கிடைக்கும். அந்தப் பெண்கள் திருப்பி எப்படிப் பேசுவார்கள்?

பழைய நர்ஸம்மா:
அந்தத் தம்பி சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. நாம் பேசுவதைவிட அவள் பேச வழி இருப்பதுதான் உயிரைக் காக்கும். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் இரவில் கூப்பிட்டு, "தலை பிளக்குது, கண்ணு மங்கலா தெரியுது" என்றாள். முகமும் வீங்கியிருக்கிறது என்றாள். ரத்தக் கொதிப்பு என்று புரிந்துவிட்டது. உடனே 108-ஐ வரவழைத்தோம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். என் நம்பர் அவளிடம் இருந்தது, நான் எடுத்தேன், அவ்வளவுதான்.

உங்கள் குழுவில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு இரவிலும் போன் எடுக்க வேண்டும். காசு இல்லாதவள் மிஸ்டு கால் கொடுத்தால் நீங்கள் கூப்பிடுங்கள். பாறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பட்டன் போனை சார்ஜ் போட்டே வையுங்கள், யார் வந்து கேட்டாலும் தரச் சொல்லுங்கள். ரத்தப்போக்கு, தலைவலியோடு கண் மங்கல், பிள்ளை அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது, இந்த நான்கில் எது வந்தாலும் முதலில் 108, அப்புறம் நீங்கள். மலைமேல் வண்டி எந்த இடம் வரை வரும் என்று ஓட்டுநரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.