ஏ9 ஓரம் பழைய பணிமனைக் காணி: சந்தை கட்ட நிதி எந்த வழி?

மாரிக்குளம்:
இலங்கை வடக்கில, ஏ9 வீதியோரம் ஒன்றரை ஏக்கர் அரச காணி. முந்தி ஒரு திணைக்களத்தின்ர வாகனப் பணிமனை. இப்ப இடிஞ்ச சுவர், அஸ்பெஸ்டஸ் கூரை, நிலத்துக்குக் கீழ டீசல் தாங்கி. பிரதேச சபை இதில சந்தை கட்டப் பாக்குது. துப்புரவுச் செலவை எந்த நிதியில கேக்கலாம்? காணி முதலா, நிதி முதலா?

காணிக்கிளை:
காணிதான் முதல். உரித்து இல்லாத நிலத்தில் சபை செலவழித்தால் கணக்காய்வில் மாட்டும். 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலாளர் ஊடாக விண்ணப்பியுங்கள். நில அளவைத் திணைக்கள வரைபடமும் வேண்டும். பெரும்பாலும் தடங்குவது ஒரே இடத்தில்: பழைய திணைக்களம் ‘இனி எங்களுக்குத் தேவையில்லை’ என்று எழுத்தில் விடுவிக்காது. அந்தக் கடிதத்தை முதலில் வாங்குங்கள். கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ் இருந்தால் அதில் எழுதியுள்ள ஆழத்தையும் பாருங்கள். அத்திவாரம் அதைவிட ஆழமாகப் போனால் மறுபடி கேட்க வேண்டும்.

மதிப்பீடு:
மாசடைஞ்ச பழைய காணியைத் துப்புரவாக்கவெண்டு தனி நிதி நம்மட நாட்டில இல்லை. அமெரிக்காவில இப்பிடியான காணிகளுக்கான 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தில மண்ணைப் பரிசோதிக்க ஒரு மானியம், துப்புரவாக்க இன்னொண்டு. அந்தப் பிரிப்பை நீங்களும் செய்யுங்கோ. பரிசோதனை சின்னச் செலவு, அதை சபை நிதியில இந்த வருசமே முடியுங்கோ. முடிவு கையில வந்தபிறகு துப்புரவைத் தனி உருப்படியாப் போட்டு பி.எஸ்.டி.ஜி. (மாகாணத்துக்கு மத்திய அரசு தாற அபிவிருத்தி மானியம்) கேளுங்கோ. கடைக்கட்டடத்துக்கு உள்ளூர் கடன் அபிவிருத்தி நிதியத்தில கடன் கேக்கலாம், வாடகை வருமானம் காட்டலாம். துப்புரவுக்குக் கடன் எடுக்காதேங்கோ, மண் வாடகை தராது.

மண்ணைப் பாக்காமல் கட்டட மதிப்பீட்டை அனுப்பினால், தோண்டேக்க எண்ணெய் மண் வரும், ஒப்பந்தக்காரர் மேலதிக வேலை கேட்பார். அனுமதி வாறதுக்குள்ள டிசம்பர் 31 வந்திடும், செலவழியாத ஒதுக்கீடு போச்சு. ஒக்டோபரில மாரி வந்தால் கிடங்கில தண்ணிதான். தோண்டு வேலை செப்டெம்பருக்குள்ள முடிய வேணும்.

மண்நீர்:
மாதிரி எடுக்கிற இடங்கள்: தாங்கியின் இரு முனையும், குழாய் போன வழி, பம்ப் நின்ற இடம், எண்ணெய் மாற்றிய கிடங்கு. ஒவ்வொன்றிலும் மேல்மண், நடு ஆழம், நீர்மட்டம் மூன்றிலும் எடுங்கள். கண்ணாடிப் போத்தலை விளிம்புவரை நிரப்பி ஐஸில் அனுப்புங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். டீசலோடு ஈயமும் பார்க்கச் சொல்லுங்கள், பற்றறி கழுவின இடம் இருக்கும். அயல் கிணறுகளும் கட்டாயம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மின்நிலைய எண்ணெய்க் கழிவு வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது கிணற்று நீர் கெட்டதற்குத்தான்.

டீசல் மண்ணைப் பொலித்தீன் விரிப்பில் ஓர் அடி கனத்துக்குப் பரப்பி, மாட்டெரு கலந்து, ஈரம் காயாமல் கிளறினால் வன்னி வெயிலில் சிதையும். பழைய என்ஜின் எண்ணெய் மெதுவாகப் போகும், ஈயம் போகவே போகாது. அஸ்பெஸ்டஸ் தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். அபாயகரக் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி தேவையா என்று முதலே எழுத்தில் கேளுங்கள்.

மாரிக்குளம்:
தாங்கியை மண் போட்டு நிரப்பி விட்டால்?

மண்நீர்:
சந்தை மேலே வரப்போகிறது, எடுத்துவிடுங்கள். ‘வெறுந்தாங்கி’ என்று நம்பி காஸ் வெட்டியால் வெட்ட விடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது. அடிக்கசடை இறைத்து, ஆவியை வெளியேற்றி, வாயுமானி வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கலாம்.