பதில்: டினையல் ஆஃப் சர்வீஸ் – ‘சேவை மறுப்பு’ சரிதானா?

மடல் 7

வணக்கம்.

> ‘சேவை மறுப்பு’ என்றே விட்டுவிடலாமே? செய்தித்தாள்களிலும் வந்துவிட்டது. பழகிய சொல்லை ஏன் கிளற வேண்டும்?

பழகிய சொல்லைக் கிளறுவதில் எனக்கும் விருப்பமில்லை. ‘மென்பொருள்’ என்பதைப் பிரித்துப் பார்த்தால் அதுவும்தான் நிற்காது. ஆனாலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் சிக்கல் வேறு. நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் குபர்நெட்டீஸ் பாதுகாப்பு அறிவிப்பில், அதாவது சிவிஇ-2019-11253-இல் (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைபாடுகளுக்குத் தரும் பொது அடையாள எண்), இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். நடந்ததற்கு நேர் எதிரான பொருள் வருகிறது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. டினையல் ஆஃப் சர்வீஸ் என்பது ஒரு கணினியையோ மென்பொருளையோ உரியவர்கள் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும் தாக்குதல். குபர்நெட்டீஸ் என்பது பல கணினிகளில் ஓடும் கொள்கலன்களை (ஒரு நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்களை) ஒரே இடத்திலிருந்து மேய்க்கும் மென்பொருள். 2014-இல் கூகுள் வெளியிட்டது. எந்தக் கட்டளையும் ஏபிஐ வழங்கி என்ற ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கட்டளையை யாமல் அல்லது ஜேசான் என்ற உரை வடிவில் ஒரு மனுவாக எழுதி அனுப்புவோம்.

யாமலில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை எழுதியதற்குப் பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும். பத்திரம் எழுதுபவர்கள் ‘மேற்படி’ என்று போடுவார்களே, அதுதான். இப்போது முதல் வரியில் ஒரு சொல்லை ஒன்பது முறை எழுதுங்கள். இரண்டாம் வரியில் ‘மேற்படி’ ஒன்பது. மூன்றாம் வரியில் இரண்டாம் வரிக்கு ‘மேற்படி’ ஒன்பது. இப்படி ஒன்பது வரி. கோப்பின் அளவு ஒரு கிலோபைட்டைத் தொடாது. விரித்துப் படித்தால் 81, 729, 6,561 என்று ஏறி, ஒன்பதாம் வரியில் 38,74,20,489 சொற்கள் நிற்கும். எக்ஸ்எம்எல் காலத்திலிருந்தே இந்த உத்திக்கு ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்று பெயர். அங்கே விரிந்து வருவது சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்.

ஏபிஐ வழங்கி இந்த மனுவை வாங்கி, மனு செல்லுமா செல்லாதா என்று பார்ப்பதற்கு முன்பே, எல்லா மேற்படிகளையும் விரிக்கத் தொடங்கும். நினைவகமும் செயலியும் அதற்கே போய்விடும். இதில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது இன்னொன்று. 1.14-க்கு முந்தைய பதிப்புகளின் இயல்பான அமைப்பில், யாரென்றே சொல்லாமல் வருபவரும் ‘இதைச் செய்ய எனக்கு அனுமதி உண்டா?’ என்று கேட்டு மனுப் போட முடியும். அந்த மனுவுக்குள்ளேயே மேற்படி அடுக்கை வைக்கலாம். 1.14-ஐப் புதிதாக நிறுவியவர்களுக்கு இந்த வழி அடைபட்டது. பழையதிலிருந்து மேம்படுத்தியவர்களுக்குப் பழைய அனுமதியே தொடர்ந்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இங்கே யார், எதை மறுத்தார்கள்? ஏபிஐ வழங்கி எதையும் மறுக்கவில்லை. வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டதுதான் அதன் குற்றம். 1.13.12, 1.14.8, 1.15.5, 1.16.2 ஆகிய பதிப்புகளில் வந்த திருத்தத்தின் சாரமே, அளவு மீறி மேற்படி போட்ட மனுவை மறுக்கக் கற்றுக்கொடுத்ததுதான். அதே ஆண்டில் வந்த இன்னொரு குறைபாட்டுக்கும் (சிவிஇ-2019-1002100) மருந்து அதுவே: ஒரே ஜேசான் ஒட்டு மனுவில் (ஏற்கெனவே இருப்பதில் மாற்றம் கேட்கும் மனு) 10,000 செயல்களுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடு. ஆக, நோய்க்கு மருந்தின் பெயரை வைத்திருக்கிறோம்.

போதாததற்கு, ‘அனுமதி மறுப்பு’ என்பதை, அனுமதி இல்லாதவருக்கு வழங்கி தரும் 403 என்ற விடைக்கு ஏற்கெனவே ஆள்கிறோம். ஒரே பக்கத்தில் ‘அனுமதி மறுப்பு’, ‘சேவை மறுப்பு’ இரண்டும் வந்தால், முன்னது வழங்கி தன் வேலையைச் சரியாகச் செய்வது, பின்னது வழங்கி சாவது என்று எந்த மாணவருக்குப் புரியும்?

> அப்படியானால் ‘சேவை முடக்கம்’?

இது மேல். ஆனால் முடக்கம் என்பது பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர் செய்வது. வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள், கட்சிச் சின்னத்தை முடக்குகிறார்கள். ‘இணையச் சேவை முடக்கம்’ என்று தலைப்பு வந்தால், அரசு இணையத்தை நிறுத்தியிருக்கிறது என்றே நாம் படிக்கிறோம். வெளியிலிருந்து வந்த ஒருவர் கதவிடுக்கில் காலை வைத்துக் கெடுப்பது அதில் தெரிவதில்லை.

‘சேவை’ என்ற முன்பாதியும் எனக்கு உறுத்துகிறது. என் மேசைக் கணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளை வைத்து, மேலாண்மைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்து, பழைய 1.13 பதிப்பு ஒன்றை நிறுவினேன். வேலைக் கணினியில் ஒரு சிறிய வலைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மனுவை அனுப்பியதும் விசிறி இரைந்தது. கொள்கலன்களைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினேன், வெறும் திரைதான். ஆனால் அந்த வலைப்பக்கத்தைப் புதுப்பித்தால் உடனே வந்தது! ஓடும் கொள்கலன்கள் பாட்டுக்கு ஓடும்; புதிதாக ஒன்றை ஏற்றவோ, விழுந்ததை வேறு கணினிக்கு மாற்றவோ மட்டும் ஆளிருக்காது. குபர்நெட்டீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். நம் மொழியில் மீகாமன். கப்பல் போய்க்கொண்டிருக்கிறது, மீகாமனுக்குத்தான் மூச்சு முட்டுகிறது. இதற்கிடையே குபர்நெட்டீஸுக்குள்ளேயே ‘சர்வீஸ்’ என்று ஓர் உறுப்பு வேறு இருக்கிறது. ‘சேவை முடங்கியது’ என்று எழுதினால் அந்த உறுப்பையா சொல்கிறோம் என்ற குழப்பமும் சேரும்.

என் முன்மொழிவு: திணறடிப்பு.

விளையாட்டுப் பக்கத்தில் ‘எதிரணியைத் திணறடித்தார்’ என்கிறோம். மழைக்கால மாலையில் ‘போக்குவரத்து நெரிசலில் நகரம் திணறியது’ என்கிறோம். தாங்க முடியாததைத் தலையில் கொட்டும்போது வரும் நிலை இதுதான். தன்வினையும் பிறவினையும் கையோடு கிடைக்கின்றன: வழங்கி திணறுகிறது, தாக்குபவர் திணறடிக்கிறார். ‘மறுப்பு’ அப்படி வளைவதில்லை. போட்டுப் பாருங்கள்:

‘இந்தக் குறைபாட்டைக் கொண்டு ஏபிஐ வழங்கியைத் திணறடிக்க முடியும்.’

பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் நடத்துவதற்குப் பன்முனைத் திணறடிப்பு. கொச்சையாக இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மடல் 8

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து.

> என் முன்மொழிவு: திணறடிப்பு.

சொல் நன்று. கொச்சையும் இல்லை. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது, ஐயா. 1990-களின் ‘பிங் ஆஃப் டெத்’ நினைவிருக்கிறதா? துண்டுகளாக வந்து சேரும்போது 65,535 பைட்டு என்ற வரம்பை மீறும் ஒரு தரவுப் பொதி. வாங்கிய கணினி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அதில் திணறல் எங்கே? அதையும் உலகம் டினையல் ஆஃப் சர்வீஸ் என்றுதான் வகைப்படுத்துகிறது. நிரலில் ஒரு வெற்றுச் சுட்டியை (எந்த இடத்தையும் காட்டாத நினைவக முகவரியை) தொட வைத்து வீழ்த்துவதும் இதே வகைதான். உங்கள் சொல் பாதி வீட்டுக்குத்தான் கூரை போடுகிறது.

இன்னொன்று. வரைவில் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் கணினிக் கூட்டம்) என்பதற்குக் ‘கொத்து’ என்று போட்டிருக்கிறீர்கள். எங்களுக்குக் கொத்து என்றதும் ரொட்டி நினைவுக்கு வரும், அல்லது குண்டு. கொவிட் காலத்தில் எங்கள் செய்திகளில் ‘கொத்தணி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அதை எடுத்துக்கொள்ளலாமே?

மடல் 9

> உங்கள் சொல் பாதி வீட்டுக்குத்தான் கூரை போடுகிறது.

உண்மை. சிவிஇ-2019-11253-ஐயே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றவை கண்ணில் படவில்லை.

இரவெல்லாம் யோசித்ததில் இப்படித் தோன்றுகிறது. முழு வகைக்கும் ‘செயல்குலைப்பு’. குலைதல், குலைத்தல் என்று இரண்டு வினையும் இதிலும் கிடைக்கின்றன. உறுத்திக்கொண்டிருந்த ‘சேவை’யும் ஒழிகிறது. அதற்குள் வளங்களைத் தின்று தீர்ப்பது திணறடிப்பு. ஒரே அடியில் சாய்ப்பது வீழ்த்தல். நம் அறிவிப்பில் இருப்பது முதல் வகை என்பதால் தலைப்பில் திணறடிப்பே இருக்கட்டும். செய்தித்தாள் படித்து வருபவர்கள் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக, ‘சேவை மறுப்பு என்றும் வழங்கும்’ என்று முதல் பத்தியில் ஒருமுறை சொல்லிவிடலாம்.

கொத்தணிக்கு மறுபேச்சே இல்லை. இங்கே பழக்கமில்லைதான், ஆனால் படித்த உடனே புரிகிறது. கோப்பு முழுவதும் மாற்றிவிட்டேன்:

‘கொள்கலன் கொத்தணி மேலாண்மை மென்பொருளில் திணறடிப்புக் குறைபாடு’

அளவு மீறி மேற்படி போட்டால் யாமல் நிரலகம் (யாமலைப் படிக்கும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) காட்டும் பிழைச்செய்தி ஒன்று மட்டும் மீதம். ‘ஆவணத்தில் மேற்படிகள் மிகுதி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாராவது சிரிக்காமல் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.