கம்பெனி லென்ஸா, வெளி லென்ஸா? வாங்கிப் புழங்கியவர்கள் எழுதுங்கள்

திருப்பூர், கல்யாண வேலை

கேமரா கம்பெனியே செய்யும் லென்ஸை வாங்குவதா, டேம்ரான், சிக்மா போன்ற வெளிக் கம்பெனிகளின் லென்ஸை வாங்குவதா? சீசன் நெருங்கினால் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். யூடியூபில் செங்கல் சுவரைப் படமெடுத்துக் காட்டுகிறவர்களை விட, வேலையில் போட்டுப் பார்த்தவர்கள் சொன்னால் உபயோகமாக இருக்கும். நானே தொடங்கி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 மார்க் 3. அதில் எப்போதும் மாட்டியிருப்பது டேம்ரான் 28-75 எஃப் 2.8, 2018-இல் வந்த முதல் பதிப்பு. 28-75 என்பது மி.மீ. கணக்கில் ஜூம் அளவு: எண் சிறிதானால் காட்சி அகலமாக அடங்கும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும். எடை 550 கிராம். அப்போதிருந்த சோனியின் உயர்ரக வரிசை லென்ஸ் 24-70 ஜிஎம் 886 கிராம், விலையோ இரண்டு மடங்குக்கும் மேல். முதல் நாள் ரிசப்ஷனில் தூக்கிய கேமராவை மறுநாள் மதியப் பந்தி வரை இறக்க முடியாத வேலை நம்முடையது. அந்த 300 கிராம் மணிக்கட்டுக்கு நன்றாகவே தெரியும்.

ஜிஎம்மை வாடகைக்கு எடுத்தும் பல கல்யாணங்கள் செய்திருக்கிறேன். ஆல்பம் அச்சாகி வந்தபின் எந்தப் படம் எதில் எடுத்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஓமப் புகைக்கு நடுவிலும் இரண்டுமே ஆளின் கண்ணில் ஃபோகஸைப் பிடித்துவிடுகின்றன. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சோனி கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பான இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-இலேயே மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் சோனி திறந்துவிட்டது. டேம்ரானில் சோனிக்குப் பங்கும் உண்டு.

என் கையைக் கட்டிப்போடுவது, அதற்கு மேல் அகலமாகப் போகாத அந்த 28 மி.மீ.-தான். சின்ன மண்டபத்தில் மேடைக்கு எதிரே வீடியோக்காரர் ஸ்டாண்ட், அதை ஒட்டி நாற்காலி வரிசை. இருபது பேர் குரூப் போட்டோவுக்கு நின்றால் ஓரத்துச் சித்தப்பா பாதி வெட்டுப்படுவார். 24 மி.மீ. என்றால் கிடைமட்டமாக 74 டிகிரி அடங்கும், 28-இல் 65 டிகிரிதான். அதனால் இரண்டாவது பாடியில், அதாவது இன்னொரு கேமராவில், 20 மி.மீ. போட்டுக்கொண்டு சுற்றுகிறேன். இரண்டாவது பாடி இல்லாதவர்கள் விலையைப் பார்க்கும் முன் இதை யோசிக்கவும். முதல் பதிப்பில் லென்ஸ் மேல் ஒரு பட்டன்கூட கிடையாது. 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பான ஜி2-வில் பட்டனும் யுஎஸ்பி துளையும் இருக்கின்றன.

நாகர்கோவில், பறவைகள்

அண்ணன் சொன்னது கல்யாணத்துக்குச் சரி. பறவைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது.

கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து வரும்போது நண்பர்கள் சேர்ந்து போவோம். ஒருவரிடம் சோனி 200-600, ஒருவரிடம் சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ், என்னிடம் டேம்ரான் 150-500. மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தாயிற்று. உட்கார்ந்திருக்கும் பறவையை எதில் எடுத்தாலும் இறகின் வரி தெரியும். பறக்கும்போதுதான் பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தை முக்கியமாகிறது.

கடைக்காரர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. சோனி பாடியில் வெளி லென்ஸ் மாட்டினால் நொடிக்கு 15 படத்துக்கு மேல் ஓடாது. ஏ1 நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா. அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்கிவிட்டு வெளி லென்ஸ் போட்டால் பாதி வேகம் போயிற்று. ஆனால் என்னுடையது ஏ7 மார்க் 4. அதன் உச்ச வேகமே 10 படம்தான். எனக்கு இந்தத் தடை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். 'வெளி லென்ஸ் வேகம் குறைவு' என்று யாராவது பயமுறுத்தினால், முதலில் உங்கள் பாடி எத்தனை படம் ஓடும் என்று பாருங்கள்.

அடுத்தது டெலிகன்வர்ட்டர், பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டித் தூரத்தை இன்னும் கிட்டக் கொண்டுவரும் துணை லென்ஸ். சோனியின் 1.4 மடங்கு கன்வர்ட்டர் 200-600-இல் உட்காரும், 840 வரை போகலாம். சோனி மவுண்ட்டில் சிக்மாவுக்கும் டேம்ரானுக்கும் அந்த வழி இல்லை. குளத்தின் அக்கரையில் இருப்பதை எடுக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.

சோனி 200-600 ஜூம் செய்தால் நீளாது, எல்லாம் உள்ளேயே நகரும். கனமான லென்ஸை ஸ்டாண்டில் சுலபமாகத் திருப்ப உதவும் கிம்பல் ஹெட்டில் சமநிலை கெடாது, ஒரு சின்னத் திருப்பலில் 200-லிருந்து 600-க்குப் போய்விடும். பதிலுக்கு 2 கிலோவுக்கும் மேல் கனம், பையில் நீளமாக இடம் பிடிக்கும். டேம்ரான் ஸ்டாண்ட் வளையம் இல்லாமல் 1,725 கிராம். மடக்கினால் சாதாரண முதுகுப் பையில் அடங்கிவிடும். பைக்கில் போகிறவன் நான், அதனால் இதை வைத்திருக்கிறேன். காரில் போகிறவராக இருந்தால் யோசிக்காமல் 200-600 என்பேன்.

சிதம்பரம், ஸ்டுடியோ

பழைய கேமராக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிகான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸில்தான் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய டேம்ரான், சிக்மா சிலவற்றில் மோட்டார் இல்லை. மாட்டினால் படம் வரும், கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆனால் நிகானின் சொந்தப் பழைய லென்ஸ்களிலும் இதே கதைதான். 50 எஃப் 1.8 டி-யை வாங்கிக்கொண்டு 'ஆட்டோஃபோகஸ் போய்விட்டது, ரிப்பேர் பாருங்கள்' என்று வந்த கல்லூரிப் பையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

திருச்சி, கேனான்

எல்லோரும் சோனியையே பேசுகிறீர்கள். எங்கள் பாட்டையும் கேளுங்கள்.

நான் கேனான் ஆர்6. அதில் லென்ஸ் மாட்டும் அமைப்பான ஆர்எஃப் மவுண்ட் 2018-இல் வந்தது, கேனான் அதை யாருக்கும் திறந்துவிடவில்லை. வில்ட்ராக்ஸ் என்ற வெளிக் கம்பெனி அதற்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. 2022-இல் கேனான் காப்புரிமையைக் காட்டியதும் நிறுத்திவிட்டார்கள். 2024 ஏப்ரலில்தான் சிக்மாவுக்கும் டேம்ரானுக்கும் அனுமதி அறிவிப்பு வந்தது, அதுவும் சின்ன சென்சார் கேமராக்களுக்கான ஏபிஎஸ்-சி லென்ஸுக்கு. ஆர்50, ஆர்10, ஆர்7 வைத்திருப்பவர்கள் சிக்மா 18-50 எஃப் 2.8 வாங்கி நிம்மதியாக இருக்கலாம். என்னைப்போல் பெரிய சென்சார் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம்காரன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் செய்தது, கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் மவுண்ட் லென்ஸ்களை அடாப்டரில் போட்டது. அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, அதனால் தரம் குறையாது. என் சிக்மா 35 எஃப் 1.4 ஆர்ட் டிஎஸ்எல்ஆரில் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் ஆகும். லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி டாக்கில் வைத்துத் தூரம் தூரமாகத் திருத்தியும் முழுத் திருப்தி வரவில்லை. ஆர்6-இல் போட்டதும் அந்தத் தலைவலியே ஒழிந்தது. இங்கே சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது, தனி ஃபோகஸ் சென்சாரோடு ஒத்துப்போக வேண்டிய வேலை இல்லை. பழைய வெளி லென்ஸ்கள் மேல் இருந்த புகார்களில் பாதி டிஎஸ்எல்ஆரோடு போய்விட்டது என்பது என் எண்ணம். ஒன்று மட்டும்: பழைய சிக்மாக்களில் படத்தில் வட்ட வட்டமாக ஏதாவது தெரிந்தால் மெனுவில், லென்ஸின் குறைகளைக் கேமராவே சரிசெய்யும் லென்ஸ் கரெக்‌ஷனை அணைத்துப் பாருங்கள். கேமரா அதை வேறு ஏதோ கேனான் லென்ஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கும்.

2024-இல் கேனானே 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம் கொண்டுவந்தது, 495 கிராம். திருப்பூர் அண்ணனின் டேம்ரானைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கிறது. இப்போது அதுதான் என் வேலை லென்ஸ்.

சென்னை, லென்ஸ் ரிப்பேர்

செங்கல் சுவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். புது லென்ஸ் வாங்கியதும் நீங்களும் ஒரு சுவரை நேராக நின்று முழு அபெர்ச்சரில் (லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து) எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். மூன்று மூலை கூர்மை, ஒன்று மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி சற்று சாய்ந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே கடையில் மாற்றிக்கொள்வது நல்லது. எல்லா பிராண்டிலும் இப்படி என் மேஜைக்கு வந்திருக்கிறது, லட்ச ரூபாய் லென்ஸும் விலக்கில்லை.

ஃபங்கஸும் பெயர் பார்த்து வருவதில்லை. சென்னை ஈரத்தில் பையிலேயே போட்டு வைத்தால் எதுவானாலும் பிடிக்கும்.

உண்மையான வித்தியாசம் உதிரி பாகத்தில்தான். ஒரு வெளி லென்ஸின் ஃபோகஸ் மோட்டாருக்காக வாடிக்கையாளர் ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்தார், கடைசியில் வேறு லென்ஸே வாங்கிவிட்டார். சில மாதம் கழித்து ஒரு கம்பெனி லென்ஸுக்கு, பழைய மாடல், பாகம் நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. ஆக, லென்ஸ் வாங்கும் முன் அந்த மாடலுக்கு இந்தியாவில் யார் சர்வீஸ் என்று விசாரியுங்கள். பில் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு ஐந்தாறு ஆயிரம் குறைவாகக் கிடைக்கலாம். அதற்கு இங்கே வாரண்டி கிடையாது என்று நினைத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

மதுரை, நிகான் இசட்

நான் புதிது, ஒரு தகவல் மட்டும். நிகான் 2021 டிசம்பரில் அறிவித்த 28-75 எஃப் 2.8-இன் விவரங்களைத் திருப்பூர் அண்ணனின் முதல் பதிப்பு டேம்ரானோடு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 12 தொகுதிகளில் 15 கண்ணாடிகள், இரண்டுக்கும் 67 மி.மீ. ஃபில்டர். எடை நிகான் 565 கிராம், டேம்ரான் 550. பெயர்தான் வேறு, உள்ளே ஒன்றுபோலவே தோன்றுகிறது. 2024-இல் டேம்ரானே ஜி2-வை இசட் மவுண்ட்டில் கொண்டுவந்துவிட்டது. நான் அந்த ஜி2-வை வாங்கினேன். கடையில் நிகான் பெயர் போட்டதையே எடுக்கச் சொன்னார்கள், ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.