புதுப்பிப்பு: குளோரின் போட்டும் போகாத பாசி, காட்பாடி வீட்டு நீச்சல் குளம்

குளோரின் போடப் போடப் பாசி படர்கிறதே என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது அடித்தளத்து டைல்ஸ் கோடு வரை தெரிகிறது.

பலித்தது, சயனூரிக் அமிலத்தை அளக்கச் சொன்ன யோசனைதான். 30–50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்க வேண்டியது 100-ஐத் தாண்டியிருந்தது. டிரைக்ளோர் என்ற குளோரின் மாத்திரை கரையக் கரைய இதுவும் தண்ணீரில் சேரும், ஆவியாகாது. வேலூர் வெயிலில் குளோரினைக் காக்க இது கொஞ்சம் வேண்டும்தான். மிஞ்சினால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும்.

பாதிக்கு மேல் இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டதும் அந்த அமிலம் 40-க்கு வந்தது. பிஎச் 7.2-க்கு இறக்கி, பொழுது சாய்ந்தபின் சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவக் குளோரின்) ஊற்றி, குளோரினை 16 பிபிஎம்மிலேயே குறையாமல் வைத்திருந்தோம். எங்கள் போர் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம் என்பதால், அதை இன்னும் கூட்டும் பிளீச்சிங் பவுடர் வேண்டாமென்று விட்டோம்.

எதிர்பாராதது: பச்சை போனதும் தண்ணீர் கஞ்சித் தெளிவு போல வெளுத்தது. அது செத்த பாசி; பயப்பட வேண்டாம். ஃபில்டரை நிறுத்தாமல் ஓட்டி, பிரஷர் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) செய்யுங்கள். ஏணிக்குப் பின்னால் வழவழவென்று ஒட்டியிருந்ததைத் தேய்த்தெடுத்த பிறகே, ராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் குளோரின் இறக்கம் 1 பிபிஎம்முக்குள் அடங்கியது; பாசி ஒழிந்ததற்கு அதுதான் அடையாளம்.