கயிந்தா: மணிலா பக்கத்து ஊரில் மெட்ராஸ் சிப்பாய் வம்சமா?

பாயான்_பையன் (பினாங்கு) கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். எங்கள் லைனுக்கு பிலிப்பைன்ஸிலிருந்து ஓர் இன்ஜினியர் அக்கா வந்திருக்கிறார். மணிலாவுக்குக் கிழக்கே ரிசால் மாகாணம், அதில் கயிந்தா என்ற ஊர். கேன்டீனில் பேச்சு வாக்கில், "எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்தியச் சாயல் இருக்கும், மெட்ராஸிலிருந்து வந்த சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்" என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தால் இல்லை, சீரியசாகத்தான் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் சோழன் கடாரம் வந்தான், வெள்ளைக்காரன் நம்மைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தான் என்று படித்ததோடு சரி, மணிலா பக்கம் நம் ஆட்கள் போன கதை எதுவும் காதில் விழுந்ததில்லை.

இது உண்மையா? போனவர்கள் தமிழர்களா? அப்புறம் ஊர் எப்படிப்பட்டது? டிசம்பரில் கம்பெனி பயிற்சிக்கு மணிலா போகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும், போய்ப் பார்க்கலாமா?

செந்தூல்_வாத்தியார்:

உண்மைதான் தம்பி. உங்கள் அக்கா கதை விடவில்லை.

ஏழாண்டுப் போர் நடந்த காலம். 1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின் மேலும் போர் அறிவித்தது. ஸ்பெயினின் கையில் இருந்த மணிலாவை அடிக்க லண்டனில் திட்டம் போட்டார்கள், ஆனால் படை திரண்டதும் கப்பல் ஏறியதும் மெட்ராஸில். தளபதி வில்லியம் டிரேப்பர், கடற்படைக்கு சாமுவேல் கார்னிஷ். டிரேப்பர் மெட்ராஸுக்குப் புதியவர் இல்லை. 1758-59ல் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்து சண்டை போட்டவர். அவர் மணிலாவுக்குக் கூட்டிப்போன படையை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். 79ஆம் ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்கள், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தவர்கள், ஆப்பிரிக்கர்கள், கூலி வேலைக்கு லஸ்கர்கள் என்ற இந்தியக் கப்பலாட்கள், இவர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் சுமார் 600 பேர். செப்டம்பர் கடைசியில் மணிலா குடாவுக்குள் கப்பல்கள் நுழைந்தபோது, போர் நடக்கிற செய்தியே அங்கிருந்த ஸ்பானியர்களுக்கு முறையாக வந்து சேரவில்லை. கவர்னர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓர் ஆர்ச்பிஷப், மனுவேல் ரோஹோ. அக்டோபர் முதல் வாரத்திலேயே கோட்டை விழுந்துவிட்டது. கொள்ளை அடிக்காமல் இருக்க 40 லட்சம் பெசோ தர வேண்டும் என்று ஒப்பந்தம். கொள்ளையும் நடந்தது, பணமும் முழுசாக வரவில்லை.

ஆனால் பிடித்தது மணிலாவை மட்டும்தான். சிமோன் தெ அந்தா என்ற ஸ்பானிய அதிகாரி கோட்டை விழுவதற்கு முன்பே நழுவி, பம்பாங்கா பக்கம் போய் எதிர் அரசாங்கம் நடத்த ஆரம்பித்துவிட்டார். மணிலாவுக்குச் சோறு வருவது கிழக்கே பாசிக் ஆற்று வழியாக, ஏரிக்கரை ஊர்களிலிருந்து. அந்த வழியை அடைத்துவிட்டால் நகரத்துக்குள் இருப்பவன் பட்டினி. அதனால் 1762 நவம்பரில் கேப்டன் பேக்ஹவுஸ் ஒரு படையோடு போய் பாசிக் ஊரைப் பிடித்து அங்கே காவல் போட்டார். கயிந்தா அதற்கு அடுத்த ஊர். சிப்பாய்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான், சும்மா வழிதவறிப் போகவில்லை.

1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதானம் ஆகிவிட்டது. செய்தி வந்து, மணிலாவைத் திருப்பிக் கொடுத்து, கப்பல் ஏற 1764 ஆகிவிட்டது. ஏறாமல் நின்றுவிட்டவர்களும், முன்பே முகாமை விட்டுப் போனவர்களும் கயிந்தா, தாய்தாய் பக்கம் குடியேறி அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். கயிந்தாவில் தாயாப் என்கிற பகுதியை இன்றும் அதற்கு அடையாளமாகச் சொல்வார்கள்.

லோகா_கிள்ளான்:

வாத்தியார் ஐயா சொன்ன வரலாறு சரி. ஆனால் தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு "ஆமாம், தமிழர்கள்" என்று யாராவது எழுதும் முன் நான் குறுக்கே விழுகிறேன், ஏனென்றால் நாளைக்கே இது வாட்ஸ்அப்பில் "பிலிப்பைன்ஸில் தமிழ் கிராமம்" என்று சுற்ற ஆரம்பிக்கும், அதற்குக் கீழே நாலு பேர் ராஜேந்திர சோழன் படத்தை ஒட்டுவார்கள்.

மெட்ராஸில் கப்பல் ஏறினார்கள் என்பது ஒன்று, தமிழ் பேசினார்கள் என்பது வேறு. அந்தக் காலத்துக் கம்பெனி சிப்பாய்ப் படையில் தமிழன், தெலுங்கன், தக்காணத்து முஸ்லிம் எல்லாரும் கலந்துதான் இருந்தார்கள். ஆற்காடு, திருச்சி, நெல்லூர் என்று கர்நாடகப் போர் நடந்த இடமெல்லாம் ஆள் எடுத்தார்கள். அந்தச் சிப்பாய்களை வைத்துப் பேர் வாங்கிய கமாண்டன்ட் யூசுப் கான், நம்ம மருதநாயகம், ராமநாதபுரத்துக்காரர். மணிலாவை விட்டு வெள்ளைக்காரன் கிளம்பிய அதே 1764ல்தான் அவரை மதுரையில் தூக்கில் போட்டார்கள். அதனால் கயிந்தாவில் தங்கியவர்களில் தமிழர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைப்பதில் தப்பே இல்லை, ஆனால் அந்தக் கூட்டம் முழுக்கத் தமிழர் என்று முத்திரை குத்தக் கூடாது. போனவர்கள் ஆண்கள் மட்டும். அம்மா பேசுவது அந்த ஊர் மொழியான தகாலோக், பிள்ளை பேசுவதும் தகாலோக், கோயில் கத்தோலிக்கம். மொழி நிற்பதற்கு வழியே இல்லை. மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக வாழும் செட்டிகளைப் பாருங்கள், ஊருக்கு நடுவில் கோயிலும் சாமியும் இருந்தும் தமிழ் போய்விட்டது. இவர்களுக்கு அதுவும் கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்கு எரிச்சல். கயிந்தா என்றாலே நம் ஆட்கள் சிப்பாய் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஊருக்கு அதைவிடப் பழைய, அதைவிட நல்ல கதை இருக்கிறது. 1571ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி மணிலாவில் வந்து உட்கார்ந்ததும் சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகப் பணிந்தன, கயிந்தா பணியவில்லை. தலைவர் காட் மைத்தான். சுற்றிலும் அடர்ந்த மூங்கில் புதர், மண் சுவர், சின்னப் பீரங்கிகள். ஆறு ஊரைச் சுற்றி வளைத்து ஓடும், அதில் ஒரு கிளை ஊரை நடுவில் இரண்டாகப் பிளந்து போகும். ஆகஸ்டு மாதம், மழைக்காலம். லெகாஸ்பியின் பேரன் ஹுவான் தெ சல்செதோ படையோடு வந்து முதலில் தூது அனுப்பினான், முடியாது என்று பதில் வந்தது. கடைசியில் ஆற்றுப் பக்கமாகச் சுவர் பலவீனமாக இருந்த இடத்தைப் பார்த்து உள்ளே நுழைந்தான். ஆயிரம் பேர் இருந்த ஊர், துப்பாக்கிக்கு எதிரே நின்றது. அந்த அக்காவிடம் மைத்தான் பேரைச் சொல்லிப் பாருங்கள் தம்பி, சிப்பாயை விட அதற்குத்தான் முகம் மலரும்.

செந்தூல்_வாத்தியார்:

லோகா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், தமிழர் என்று நானும் எழுதவில்லை, கவனித்துப் பாருங்கள். ஆசை இருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த இரண்டு வருட மணிலா நிர்வாகக் குறிப்புகள் இருக்கின்றன, செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆவண வரிசையில் அச்சிட்டும் இருக்கிறார்கள். மணிலாவை ஆண்ட டாசன் டிரேக் மெட்ராஸ் கவுன்சில் ஆள் என்பதால் கணக்கு வழக்கெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தது.

மணிலா_ரிட்டர்ன் (கே.எல்.):

நான் மணிலாவின் ஆபீஸ் வட்டாரமான ஓர்த்திகாஸ் சென்டரில் ஷேர்டு சர்வீசஸ் வேலையில் சில வருடம் இருந்தேன், வாடகை கட்டுப்படியாகாமல் கயிந்தா எல்லையில் வீடு எடுத்தவன், அதனால் மூன்றாவது கேள்வி என்னுடையது.

முதலில், கிராமத்தை எதிர்பார்த்துப் போகாதே தம்பி. சட்டப்படி அது இன்னும் முனிசிபாலிட்டிதான், ஆனால் 2020 கணக்கெடுப்பில் 3.7 லட்சம் பேருக்கு மேல், பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர், ஏழே ஏழு பராங்காய் (நம்ம வார்டு மாதிரி). மேற்கே பாசிக், வடக்கே மரிக்கினா, கிழக்கே மேட்டில் அந்திபோலோ, தெற்கே தாய்தாய். மணிலா எங்கே முடிந்தது, கயிந்தா எங்கே தொடங்கியது என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எல்லைக்காகப் பாசிக்கோடு கோர்ட் வரை போய்ச் சண்டை போட்ட ஊர் அது.

நிலம் எப்படி என்றால், கிழக்கே சியரா மாத்ரே மலையடிவாரம், தெற்கே லகுனா தெ பாய் ஏரி, நடுவில் இந்தத் தாழ்ந்த ஊர். மலையில் பெய்தாலும் இங்கே தண்ணீர், ஏரி நிறைந்தாலும் இங்கே தண்ணீர். போதாததற்கு மணிலாவைக் காப்பாற்ற மரிக்கினா ஆற்று வெள்ளத்தை ஏரிக்குத் திருப்பிவிட 1980களில் மங்காஹான் கால்வாயை வெட்டினார்கள், அது பாசிக், கயிந்தா, தாய்தாய் வழியாகத்தான் போகிறது. மணிலாவுக்கு நல்லது, கரையில் குடிசை போட்டவனுக்கு? 2009 செப்டம்பர் 26, ஓந்தோய் புயல், மணிலா வட்டாரத்தில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழை. கயிந்தா மூழ்கிவிட்டது. நான் வாடகைக்கு இருந்த வீட்டில் மாடிப்படி சுவரில் ஒரு பழுப்புக் கோடு, என் தோளுக்கு மேலே. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் திரும்பத் தெரியும் என்பார் வீட்டுக்கார அம்மா. ஃப்ரிட்ஜை மாடியில்தான் வைத்திருந்தார், கீழே சமையல், மேலே ஃப்ரிட்ஜ். கேட்டால் சிரிப்பார். 1571ல் ஊருக்கு அரணாக இருந்த அதே தண்ணீர்தான் என்று லோகா அக்கா எழுதியதைப் படித்த பிறகு தோன்றுகிறது.

பார்க்க வேண்டியது ஒளியின் அன்னை கோயில். இயேசு சபைப் பாதிரிகள் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது, 1899ல் அமெரிக்கப் படையோடு நடந்த சண்டையில் எரிந்து, 1960களில்தான் திரும்ப எழுப்பினார்கள். அதன் வாசலில் இருந்து சுற்றியுள்ள பழைய தெருக்களில் நட, சிப்பாய் முகம் தேடுகிறாய் என்றால் அங்கே தேடு. ஆனால் யாரையாவது பார்த்து "நீங்கள் இந்தியரா" என்று கேட்டு வைக்காதே, அங்கே இந்தியர் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து வட்டி வசூலிக்கிற பஞ்சாபி என்றுதான் நிறையப் பேர் நினைப்பார்கள்.

பாயான்_பையன்:

எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்கும் அக்காவுக்கும் ஸ்பெஷல் நன்றி. காரே-காரே என்று ஒரு சாப்பாடு, அதைச் சிப்பாய்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று எங்கள் இன்ஜினியர் அக்கா சொல்கிறார். அதுவும் உண்மையா? அப்புறம் இவ்வளவு ஜனம் இருந்தும் ஏன் சிட்டி ஆகவில்லை?

மணிலா_ரிட்டர்ன் (கே.எல்.):

காரே-காரே: மாட்டு வால், குடல், வாழைப்பூ, கத்தரிக்காய், நீளப் பயறு, குழம்பு கெட்டிப்பட அரைத்த நிலக்கடலை, நிறத்துக்கு அத்சுவெத்தே விதை. மிளகாய் கிடையாது, மல்லி சீரகம் கிடையாது. உப்புக்கு, பக்கத்தில் பாகோங் வைப்பார்கள், இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் நம்ம பெலாச்சானின் ஈரமான சொந்தக்காரன். ஊரில் கிடைத்ததை வைத்துச் சிப்பாய்கள் கறி வைக்கப் பார்த்தார்கள், அது இப்படி ஆனது என்று கயிந்தாக்காரர்கள் சொல்வார்கள். எங்களுடையது என்று பம்பாங்காக்காரர்கள் சொல்வார்கள். எழுத்தில் ஆதாரம் காட்டியவர் யாரையும் நான் பார்க்கவில்லை, சாப்பிட்டுப் பார்த்து நீயே முடிவு பண்ணு. மாடு சாப்பிட மாட்டாய் என்றால் விட்டுவிடு, கயிந்தா பேர் வாங்கியது பிபிங்கா என்ற அரிசிப் பலகாரத்துக்குத்தான். மண்சட்டியில் வாழையிலை போட்டு, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து ஊற்றி, அடியிலும் மேலே தகட்டிலும் கரி நெருப்பு. இலை ஓரம் கருகி வாசம் வரும்போது உப்பு முட்டைத் துண்டு வைத்து, துருவிய தேங்காயோடு தருவார்கள். டிசம்பரில் போகிறாய் அல்லவா, 16 முதல் 24 வரை விடிகாலைப் பூசை நடக்கும், அந்த நேரத்தில் கோயில் வாசலில் சூடாகக் கிடைக்கும்.

சிட்டி விஷயம் அரசியல். முயற்சி நடந்துகொண்டே இருக்கிறது. 1903ல் இந்த ஊரைத் தாய்தாயோடு சேர்த்துவிட்டு, பத்து வருடம் கழித்துத்தான் தனியாகப் பிரித்தார்கள், அந்த ஊருக்கு அரசாங்கத் தீர்ப்புக்காகக் காத்திருந்து பழக்கம்.

சூலியா_தெரு:

வாத்தியார் விட்ட ஒன்றை நான் போடுகிறேன், பினாங்குக்காரனுக்குத் தெரிய வேண்டியது. மணிலாவை அடிக்க வெள்ளைக்காரன் இரண்டாவது தடவையும் கிளம்பினான், 1797ல். அந்தத் தடவை படை கூடிய இடம் நம்ம பினாங்கு. பின்னால் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி அப்போது வெறும் கர்னல், தன் ரெஜிமென்ட்டோடு கல்கத்தாவிலிருந்து இங்கே வந்து இறங்கினார். இந்தியாவில் நிலைமை சரியில்லை, திப்பு சுல்தான் பயம் வேறு, எல்லாரும் திரும்பி வாருங்கள் என்று உத்தரவு வந்து படை கலைந்துவிட்டது. போயிருந்தால் கயிந்தாவில் இன்னொரு செட் சிப்பாய்கள் குடியேறியிருப்பார்கள்.

லோகா_கிள்ளான்:

அந்த செட்டுக்கும் யாராவது தமிழர் என்று போஸ்டர் அடித்திருப்பார்கள் 😄

பாயான்_பையன்:

சரி, ஞாயிற்றுக்கிழமை போக முடிவு செய்துவிட்டேன். மணிலா நடுவில் ஹோட்டல். டாக்சியா, ரயிலா?

மணிலா_ரிட்டர்ன் (கே.எல்.):

டாக்சி வேண்டாம், டிசம்பரில் ஓர்த்திகாஸ் ரோட்டில் மாட்டினால் உன் ஞாயிறு அங்கேயே போய்விடும். எல்.ஆர்.டி. இரண்டாம் தடத்தில் ஏறி மரிக்கினா-பாசிக் ஸ்டேஷனில் இறங்கு, 2021ல் திறந்தது. அங்கிருந்து கோயிலுக்கு ஜீப்னி (அந்த ஊர் மினி பஸ்) அல்லது ட்ரைசிக்கிள். சில்லறை வைத்துக்கொள், 1000 பெசோ நோட்டை நீட்டினால் டிரைவர் முறைப்பார். பூசை முடிந்து கூட்டம் கலைவதற்குள் பிபிங்கா வாங்கிவிடு. அக்காவின் வீட்டார் யாராவது ஊரில் இருந்தால் முன்பே சொல்லிவைக்கச் சொல், அவர்கள் கூட வந்தால் தாயாப் பக்கமும் போய் வரலாம், தனியாகப் போய் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது.