சுட்டபின் மிஞ்சும் பித்தளைக்கு ஒரு சொல் வேண்டும்

பிட்ஸ்பர்கிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம். வார இறுதித் தமிழ் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். வரும் சனிக்கிழமை மாணவர்கள் தாங்கள் எழுதியதை மேடையில் படிக்கப் போகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டுத் தாத்தாவுடன் துப்பாக்கி சுடுதளத்துக்குப் போனதை நான்கு பக்கம் எழுதியிருக்கிறான்.

பென்சில்வேனியாவில் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் விட்டுச் சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கும் (2019க்கு முன் திங்கட்கிழமை). அதற்கு முந்தைய வாரங்களில் வேட்டைக்காரர்கள் சுடுதளத்துக்கு வந்து தம் ரைஃபிளின் குறி சரியாக இருக்கிறதா என்று சுட்டுப் பார்ப்பார்கள். பலர் சுட்டதை அப்படியே தரையில் விட்டுப் போய்விடுவார்கள். குண்டு பறந்த பிறகு மிஞ்சும் அந்தப் பித்தளைக் குழலைத் தாத்தாவும் பையனும் பை நிறையப் பொறுக்கி வந்திருக்கிறார்கள். தாத்தா அதில் புதிதாக மருந்தும் குண்டும் அடைத்துத் தானே தோட்டா செய்துகொள்வாராம். அவர்கள் அதை 'பிராஸ்' என்கிறார்கள். பையனும் நான்கு பக்கமும் 'பிராஸ்' என்றே எழுதியிருக்கிறான். நல்ல கட்டுரை, இந்த ஒரு சொல்தான் உறுத்துகிறது. வெள்ளிக்குள் உதவுங்கள்.

மதுரையிலிருந்து:

அம்மா, 'வெற்றுறை' என்று எழுதச் சொல்லுங்கள். தோட்டா நம் சொல் இல்லை, உருது வழி வந்தது. துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. இரண்டையும் ஏற்றாகிவிட்டது, மூன்றாவதையாவது தமிழாகச் செய்வோம். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கடிதத்துக்கு உறை. உள்ளே ஒன்று தங்க இடம் தருவது எதுவோ அது உறை. உறைதல் என்றாலே தங்குதல், அதிலிருந்துதான் உறையுள். பாலில் இடும் உறையும், பனி உறைவதும் ஒரே வேர்தான் என்பது என் நெடுநாள் துணிபு. ஓரிடத்தில் நிலைப்பது என்ற பொருள் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. மழைத்துளிக்கும் உறை என்ற பெயர் உண்டு. அது இதில் எப்படி அடங்கும் என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

டொராண்டோவிலிருந்து:

ஐயா, துப்பாக்கி உறை என்றால் இடுப்பில் துப்பாக்கி செருகும் தோலுறை என்றுதான் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். இன்னொருவர் 'தோட்டாக் கூடு' என்று சொல்ல வரலாம், அதுவும் சரிவராது. எங்கள் ஈழத்து வழக்கில் ரவை என்றால் தோட்டா, ரவைக்கூடு என்பது ரவைகளை வரிசையாக அடைத்துத் துப்பாக்கியில் மாட்டும் பெட்டி.

எங்களிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது: கோது. முட்டைக் கோது, கச்சான் (நிலக்கடலை) கோது, தோட்டாக் கோது. சின்ன வயதில் சண்டை ஓய்ந்த மறுநாள் காலையில் ஒழுங்கையில் கோது பொறுக்கியிருக்கிறேன். எங்களுக்கு அது விளையாட்டுச் சாமான். அம்மா கண்டால் அடி விழும். வெடிக்காத ஒன்று அதற்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லோடு நான் வளர்ந்தேன், புதிதாக ஆக்க ஒன்றும் இல்லை.

கோவையிலிருந்து:

கோது அழகான சொல், ஆனால் பொருள் இடிக்கிறது. சாறு எடுத்தபின் எறியும் கரும்புச் சக்கைக்குக் கோது என்று பெயர். உடம்பு கரும்பின் கோதுபோல் போய்விடும் என்கிறது நாலடியார். பையனின் தாத்தாவோ எறிந்ததைத் தேடி எடுக்கிறார்!

நான் நாற்பது வருடம் லேத்தில் நின்றவன், இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்: குண்டு, மருந்து, அடியில் தீப்பற்றும் பொட்டு, இவற்றைத் தாங்கும் பித்தளை. முதல் மூன்றும் ஒரு முறையோடு தீர்ந்துபோகும். பித்தளை மட்டும் மிஞ்சும். செம்பு 70, துத்தநாகம் 30 என்ற கலவை. வெடிக்கும்போது விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிப் புகையை அடைக்கும், அழுத்தம் போனதும் சற்றே சுருங்கி வெளியே வரும். இரும்பில் செய்தது இந்த அளவுக்கு இணங்காது, அதனால் பொறுக்குபவர்கள் காந்தம் வைத்து இரும்பை விலக்குவார்கள். சில முறை சுட்டால் பித்தளையும் இறுகி, குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தில் விரிசல் விடும். கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தினால் ஆயுள் நீளும்.

பொட்டிலும் இரண்டு வகை உண்டு. பாக்ஸர் என்ற ஆங்கிலேயரும் பெர்டான் என்ற அமெரிக்கரும் 1866இல் ஆளுக்கொன்று செய்தார்கள். ஆங்கிலேயருடையது அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கருடையது ஐரோப்பாவில். பொறுக்குபவருக்கு இது முக்கியம். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் நடுவில் ஒரே துளை இருக்க வேண்டும், அப்போதுதான் ஊசியால் பழைய பொட்டைச் சுலபமாகத் தள்ளலாம். இரண்டு துளை இருந்தால் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள்.

என் சொல்: பித்தளை. வேறு ஒன்றும் வேண்டாம். மூக்கில் மாட்டுவதைக் கண்ணாடி என்கிறோம், பொருளின் பெயர் அதில் செய்ததற்கு ஆகிவந்தது. அவர்கள் 'பிராஸ்' என்பதும் இதே ஆகுபெயர்தான்.

மதுரையிலிருந்து:

பித்தளை வடசொல். மேலும் "பித்தளை பொறுக்கினேன்" என்று பையன் மேடையில் சொன்னால் பழைய பாத்திரக் கடைக்குப் போனான் என்று நினைப்பார்கள். 'பொறுக்கினேன்' என்பதும் வேண்டாம், 'திரட்டினேன்' எனலாம். பொறுக்கி என்பது இன்று வசைச்சொல்.

திருவண்ணாமலையிலிருந்து:

பொறுக்குவதில் என்ன கேவலம் ஐயா? விதைக்கு நெல்லைப் பொறுக்கித்தானே எடுக்கிறோம். கடலை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தப்பிக் கிடப்பதை எங்கள் பக்கம் தப்புக்கடலை என்போம். சின்னப் பிள்ளையில் மடி நிறையப் பொறுக்கி வருவோம். கொல்லைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் அறுவடை முடிந்துவிட்டது. பையன் செய்ததும் அதுதான். திரட்டினேன் என்றால் நிதி திரட்டியதுபோல் இருக்கிறது. குனிந்து ஒவ்வொன்றாக எடுப்பது அந்தச் சொல்லில் இல்லை.

ஒன்று கேட்கிறேன். சுட்டுக்கொண்டிருக்கும்போதே குனிந்து எடுப்பார்களா?

பிட்ஸ்பர்கிலிருந்து:

இல்லை அம்மா. எல்லோரும் சுடுவதை நிறுத்தித் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துப் பின்னால் வந்த பிறகுதான் போகலாம். அந்த இடைவெளிக்காக அரைமணி நேரம் காத்திருந்ததைப் பையன் ஒரு பத்தி எழுதியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் தாத்தா முதலில் கை கழுவச் சொன்னாராம், ஈயத்தூள் ஒட்டியிருக்கும் என்று.

நேற்று அவனிடமே எல்லாச் சொல்லையும் சொன்னேன். 'வெற்றுறை' என்பதில் அவன் நாக்கு தடுக்கியது. மடல் போட்டவர்களில் மூவர் கோது பக்கம், இருவர் பித்தளை பக்கம். முதல் வரியில் "சுட்ட தோட்டாவின் கோது" என்று அறிமுகம் செய்துவிட்டுப் பிறகு முழுக்கப் பித்தளை என்று எழுதியிருக்கிறான். பொறுக்கினேன் என்பதை மாற்றவில்லை. கோவை ஐயா எழுதிய 'பொட்டு' அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதையும் சேர்த்துக்கொண்டான்.

டொராண்டோவிலிருந்து:

ஒரு வரியில் வந்தாலும் போதும். எறிந்தவனுக்கு அது கோதுதானே. எடுத்தவன் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும்.

மதுரையிலிருந்து:

பொட்டு தமிழ்ச் சொல், அதற்கு மறுப்பில்லை. வெற்றுறையை நான் விடுவதாக இல்லை. குழுமச் சொற்பட்டியலில் மூன்றையும் பதியுங்கள். மழைத்துளி உறை பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.