சைக்ளிக்டெஸ்ட் 14 காட்டுது, என் லூப் 190 காட்டுது. அவசரம்!

ரோட்டார்:
லினக்ஸ்ல ஆர்டி கர்னல் (ரியல்-டைம், குறிச்ச நேரத்துல வேலை நடக்கறதுக்கானது) போட்டாச்சு. டைமர் எழுப்பினா எவ்வளவு தாமதமா எழுந்திருக்குன்னு அளக்கற சைக்ளிக்டெஸ்டை ஒரு மணி நேரம் ஓட்டினா மேக்ஸ் 14 மைக்ரோசெகண்ட். அதே மெஷின்ல 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எழுந்திருக்கற என்னோட லூப் 190 மைக்ரோ வரை தாமதமாகுது. எதை நம்பறது? நாளைக்கு டெமோ.

ஓசிலோ:
எந்த சிபியு? ப்ரையாரிட்டி எவ்வளவு? லூப்பைத் தூங்க வைக்கறது யூஸ்லீப்பா, க்ளாக் நானோஸ்லீப்பா? லோட் இருந்துச்சா? இதெல்லாம் சொல்லாட்டி ஜோசியம்தான் பாக்கணும்.

எஸ்எம்ஐ_வேட்டை:
எஸ்எம்ஐதான் (சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட்), சந்தேகமே வேண்டாம். கர்னலுக்கே தெரியாம பயாஸ் சிபியுவைப் பிடுங்கிக்கும். அதைக் கண்டுபிடிக்கற எச்டபிள்யூலாட்டிடெக்டை த்ரெஷோல்டு 10 வெச்சு 10 நிமிஷம் ஓட்டுங்க. பயாஸ்ல யூஎஸ்பி லெகசியை அணைச்சிடுங்க.

பழைய_கர்னல்:
தம்பி, முதல்ல அடிப்படை. ஃபிஃபோல (ரியல்-டைம் முன்னுரிமை முறை) இல்லாத த்ரெட்டுக்கு டைமர் ஸ்லாக்கே (கர்னல் எழுப்பறதைத் தள்ளிப்போடற அளவு) 50 மைக்ரோ. மெமரியை ரேம்லயே பூட்டி வைக்கற எம்லாக்ஆல் இல்லேன்னா பேஜ் ஃபால்ட் வந்து நிக்கும். அப்சல்யூட் டைம்ல (இன்ன நேரத்துக்கு எழுப்புன்னு) தூங்கலேன்னா சுத்துக்குச் சுத்து பிழை சேரும். தேடிப் படிக்கற பழக்கமே யாருக்கும் இல்ல.

ரோட்டார்:
ஃபிஃபோ ப்ரையாரிட்டி 80, மோனோடோனிக் க்ளாக், அப்சல்யூட், எம்லாக்ஆல் எல்லாம் இருக்கு. ஸ்கைலேக் ஐ5. லோட் கிடையாது. எச்டபிள்யூலாட் ஓட்டிட்டேன், ஒண்ணும் சிக்கல.

எஸ்எம்ஐ_வேட்டை:
10 நிமிஷம் பத்தாது போல. ராத்திரி முழுக்க விடுங்க.

ஓசிலோ:
எஸ்எம்ஐன்னா சைக்ளிக்டெஸ்டை மட்டும் விட்டுவைக்குமா? ரோட்டார், எல்லா கோர்லயும் லோட் ஏத்தற ஸ்ட்ரெஸ்-என்ஜியை ஓடவிட்டு அதே லூப்பை அளங்க. கூடுதா, குறையுதா?

ரோட்டார்:
குறையுது!! 190 இருந்தது 31 ஆயிடுச்சு. தலைகீழா இருக்கே?

ஓசிலோ:
அப்போ சி-ஸ்டேட், அதாவது சிபியுவோட தூக்க நிலை. வேலை இல்லாதப்போ கோர் ஆழமா தூங்கப் போயிடுது. எழுந்திருக்க ஸ்கைலேக்ல சி6-க்கு 85 மைக்ரோ, சி8-க்கு 200, இன்டெல் ஐடில் ட்ரைவர்லயே போட்டிருக்கும். லோட் இருந்தா தூங்க நேரமே இல்ல, அதான் குறைஞ்சது. சைக்ளிக்டெஸ்ட் ஆரம்பிச்சதுமே டெவ் அடைவுல இருக்கற சிபியு டிஎம்ஏ லேட்டன்சி ஃபைலைத் திறந்து 0 எழுதிடும். அது ஓடற வரைக்கும் ஆழ்ந்த தூக்கம் கிடையாது. உங்க லூப் அதைச் செய்யல. சரிபார்க்கணும்னா சைக்ளிக்டெஸ்டை அந்த ஃபைலைத் தொடாத லேப்டாப் ஆப்ஷனோட ஓட்டுங்க, அதுவும் ஏறக்குறைய 190 காட்டும்.

ஆர்டிஓஎஸ்_பக்தன்:
இதுக்குத்தான் லினக்ஸே வேண்டாம்கறது. கார்டெக்ஸ் எம்4 மைக்ரோகண்ட்ரோலர்ல இன்டரப்ட் உள்ள நுழைய 12 சைக்கிள், முடிஞ்சுது.

பழைய_கர்னல்:
ஜீரோ வெயிட் ஸ்டேட் (காக்க வைக்காத) மெமரி இருந்தாத்தான் அந்த 12. ஃபிளாஷ்ல ஓட்டிட்டு வந்து பேசுங்க. அதுவும் ஹேண்ட்லர் வாசல் வரைக்கும்தான். டாஸ்க் எழுந்திருக்கற நேரம் யார் கணக்கு?

ஆர்டிஓஎஸ்_பக்தன்:
அதையும் ஒரு பின்னை டாகிள் பண்ணி ஆசிலாஸ்கோப்ல பாத்துக்கலாம். சாஃப்ட்வேர் தன்னையே அளக்கறது திருடனே பாரா நிக்கற மாதிரி.

ரோட்டார்:
அந்த டிஎம்ஏ லேட்டன்சி ஃபைல்ல எக்கோ கமாண்டால 0 எழுதினேன். ஒரு மாற்றமும் இல்ல.

ஓசிலோ:
எக்கோ முடிஞ்சதுமே ஃபைல் மூடிடும், கோரிக்கையும் அதோட போச்சு. லூப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க ப்ரோக்ராமே அதைத் திறந்து, 4 பைட் இன்டிஜரா 0 எழுதி, கடைசி வரை மூடாம வெச்சிருக்கணும். ரூட் அனுமதி வேணும். சூடு கூடும், ஃபேனைப் பாத்துக்குங்க.

ரோட்டார்:
17. நன்றி.

எஸ்எம்ஐ_வேட்டை:
ராத்திரி டெஸ்ட் ஓட்டினீங்களா?